பத்தால் வகுப்பதா, பதினொன்றால் வகுப்பதா?

2005 ஜனவரி முதல் வாரத்தில், நாகப்பட்டினத்தில் இருந்த என் தங்கை வீட்டிலிருந்து நாங்கள் வாரிக் கொட்டிய மணல் நாற்பது சட்டிக்கு மேல் இருக்கும். கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடு. கூடத்தில் நாலு விரற்கடை உயரத்துக்கு மணல் படிந்து கிடந்தது. மேலே மாவு மாதிரி, அடியில் பருபருவென்று, நடுநடுவே சிப்பித் துண்டுகள். பீரோவுக்கு அடியில், ஆட்டுக்கல் குழியில், மூடி வைத்திருந்த அரிசி டின்னுக்குள் என்று எங்கும் அதே மணல். தங்கை வீட்டுக்காரரும் நானும் வாரினோம். தங்கை ஒரு வார்த்தை பேசாமல் கூட்டிக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டில் கூட்டுவதற்கு ஆள் இல்லை.

அந்த மணலில் கொஞ்சம் எடுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எங்கள் ஊரான கார்வேட்டிநகரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு தாளில் 26-12-2004 என்று எழுதி ஒட்டி, நான் வேலை பார்த்த பள்ளியின் அறிவியல் அறையில் வைத்தேன். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்பதைத் தவிர அப்போது வேறு எண்ணம் இல்லை. நிலநடுக்க ஆய்வாளர்கள் உலகம் முழுக்கச் சதுப்பையும் குகையையும் தோண்டித் தேடுவது சுனாமி கொண்டுவந்து போட்ட இப்படிப்பட்ட மணலைத்தான் என்பது எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. நாங்கள் நாற்பது சட்டி வாரித் தெருவில் கொட்டியிருந்தோம்.

நான் கணக்கு டீச்சர். ஆந்திர–தமிழக எல்லையோரத்தில் தமிழ் வழி வகுப்பு இருந்த பள்ளியில் பாடம் எடுத்து 2020-ல் ஓய்வு பெற்றேன். எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, ஏரியைச் செருவு என்போம். வேணுகோபால சுவாமி கோயில், ஸ்கந்த புஷ்கரிணி, பழைய ஜமீனின் மிச்சங்கள், சுற்றிலும் மலையும் மாந்தோப்பும். கடல் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி. கடலே இல்லாதிருந்த திருப்பதிக்குக்கூட 2022-ல் மாவட்டங்களைப் பிரித்தபோது தடா, ஸ்ரீஹரிகோட்டா, பழவேற்காடு ஏரிக்கரை எல்லாம் கிடைத்துவிட்டது. சித்தூர் மாவட்டத்தில் நின்றுவிட்ட எங்களுக்கு மலைதான். ஆகவே ஆழ்கடல் நிலநடுக்கத்தைப் பற்றி இவளுக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். எனக்குப் புவித் தட்டுகளைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. சராசரியைப் பற்றித் தெரியும். என் சண்டை அதோடுதான்.

ஒவ்வொரு டிசம்பரிலும் இதைப் படிக்கிறேன். 2004 போன்ற நிலநடுக்கம் ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று ஒருவர் சொல்வார். அடுத்த பத்தியில் இன்னொருவர், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பார். முதலாமவரைக் கேட்டவர் போர்த்திக்கொண்டு தூங்குவார், இரண்டாமவரைக் கேட்டவர் குலசாமிக்கு வேண்டிக்கொள்வார். அந்த ஐந்நூறு எங்கிருந்து வந்தது, எத்தனை தேதிகளைக் கூட்டி வகுத்து எடுத்தது என்று கேட்டவரை நான் பார்க்கவில்லை.

அந்த எண்ணை எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று வகுத்தல். சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடியில் ஓர் அகழி ஓடுகிறது. அங்கே நம்முடைய தட்டு, கிழக்கே இருக்கும் தட்டுக்கு அடியில் சொருகிக்கொண்டே போகிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்தான். ஆனால் இரண்டும் வழுக்கிக்கொண்டு போவதில்லை, கவ்விக்கொண்டு நிற்கின்றன. கீழே போவது மேலே உள்ளதையும் இழுத்து வளைக்கிறது. ஒருநாள் கவ்வல் விடும்போது, வளைந்தது நிமிர்கிறது. அதற்கு மேலே இருக்கும் கடலும் எழுகிறது. ஒரு தடவை பத்து மீட்டர் நழுவுகிறது, வருஷத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால் ஐந்நூறு வருஷம் வரும். எட்டாம் வகுப்புக் கணக்கு. ஆனால் தட்டு அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளும் கடன்காரன் இல்லை. சிலசமயம் பாதிக் கடனை மட்டும் அடைக்கும். சிலசமயம் பக்கத்துத் துண்டின் பாக்கியையும் சேர்த்துத் தீர்க்கும். நிலநடுக்கமே இல்லாமல் சத்தமின்றி நழுவும் பகுதிகளும் உண்டு.

2004-ல் நடந்தது பக்கத்துப் பாக்கியையும் சேர்த்துத் தீர்த்த கதைதான். ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. எட்டுப் பத்து நிமிஷத்தில் அத்தனையும் முடிந்தது. நம் நேரப்படி காலை ஆறரைக்கு ஒரு நிமிஷம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினத்துக்குத் தண்ணீர் வர ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆந்திரக் கரையில் நூற்றுக்கும் மேல்.

அதற்கு முன்பு அந்தமான்–நிகோபார் பகுதியைப் பற்றி ஏட்டில் இருந்தவை 1847, 1881, 1941 ஆண்டுகளின் நடுக்கங்கள். மூன்றுமே எட்டு அளவுக்கும் குறைந்தவை என்றே இன்று மதிப்பிடுகிறார்கள். 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே நடந்ததன் சுனாமியை வங்கக் கடலோரத் துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் வைத்திருந்த அலைமானிகள் பதிவு செய்திருந்தன. சின்ன அலைதான். நிலவியலாளர் ஆர்.டி. ஓல்டாம் அதைப் பற்றி அன்றே எழுதியும் வைத்தார். நூற்றைம்பது வருஷ ஏட்டைப் புரட்டியவர்கள், இங்கே வருவது இவ்வளவுதான் என்று முடிவு கட்டினார்கள். கூடவே 1980 வாக்கில் ஒரு கோட்பாடும் கைகொடுத்தது. இளம் தட்டு வேகமாகச் சொருகும் இடத்தில்தான் ஒன்பது அளவு நடுக்கம் வரும், பழைய தட்டு மெதுவாகப் போகும் இடத்தில் வராது என்பது அது. அந்தமான் பக்கம் தட்டு பழையது, மெதுவானது. கோட்பாட்டுக்கு 2004-ல் முதல் அடி, 2011-ல் ஜப்பானில் இரண்டாவது அடி. ஏடு குட்டையாக இருந்தது, அவ்வளவுதான். ஐந்நூறு வருஷத்துக்கு ஒருமுறை வருவதை நூற்றைம்பது வருஷ நோட்டில் தேடினால் கிடைக்காது என்பதற்குக் கோட்பாடு வேண்டியதில்லை.

அதனால்தான் இரண்டாவது வழி, தோண்டிப் பார்ப்பது. தங்கை வீட்டு மணலைப் போலவே சுனாமி ஒவ்வொரு தடவையும் மணலை உள்ளே கொண்டுவந்து போடும். வீட்டில் போட்டால் நாம் கூட்டிவிடுவோம். மேட்டில் போட்டால் காற்று அள்ளிவிடும். சதுப்பில், அல்லிக்குட்டையில் போட்டால் அதன்மேல் சேறு படியும், புல் முளைத்து மக்கும், அடுத்த சுனாமி வந்து இன்னொரு மணல் விரிப்பைப் போடும். வெட்டிப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாகத் தெரியும். மணலுக்கு அடியில் சிக்கிய இலை, விதை, மரத்துண்டை எடுத்துக் கார்பன் சோதனையில் வயது பார்க்கிறார்கள்.

தாய்லாந்தின் பிரா தோங் தீவில் இப்படித் தோண்டியவர்கள், 2004-க்கு முந்தைய பெரிய சுனாமி 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்ததாகக் கண்டார்கள். சுமத்ராவின் மேற்கில் மெயுலாபோ அருகே தோண்டியவர்களுக்கு இரண்டு மணல் விரிப்புகள் கிடைத்தன. ஒன்று கி.பி. 1290–1400, மற்றது கி.பி. 780–990. இரண்டு குழுக்களின் முடிவும் 2008-ல் வெளிவந்தது. வகுப்பறையில் இதைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கழிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் இடைவெளி 300 வருஷமாகவும் இருக்கலாம், 620 ஆகவும் இருக்கலாம். இரண்டாவது 604-லிருந்து 714 வரை. இரண்டே இரண்டு இடைவெளி, அதிலும் ஒன்று இப்படி இழுபடுகிறது. இதற்குச் சராசரி எடுப்பது, ஒரே ஒரு பையன் பரீட்சை எழுதிய வகுப்பில் முதல் ரேங்க் யார் என்று அறிவிப்பதற்கு ஒப்பு. கடைசி ரேங்கும் அவன்தான்.

மணலுக்கு இன்னொரு குறையும் உண்டு. அடுத்தடுத்து வந்த இரண்டை அது ஒன்றாகக் காட்டிவிடும். சுமத்ராவுக்கு மேற்கே சிமெயுலூ தீவில் பவளப்பாறைகளைப் பார்த்தவர்கள், கி.பி. 1390-க்கும் 1455-க்கும் நடுவில் அங்கே நிலநடுக்கங்கள் கொத்தாக வந்திருப்பதைக் கண்டார்கள். பவளம் நீர்மட்டத்துக்கு மேலே வளராது. தரை எழும்பினால் தலை காய்ந்து சாகும், தாழ்ந்தால் மறுபடி மேல்நோக்கி வளரும். மரத்தில் வளையம் எண்ணுவதைப் போல வருஷக் கணக்காக அதைப் படிக்கலாம். மணல் ஒன்று என்று சொன்ன இடத்தில் பவளம் ஒரு கொத்தைக் காட்டுகிறது. ஜப்பானின் நான்காய் அகழியில் 1854-ல் இரண்டு மாபெரும் நடுக்கங்கள் முப்பத்திரண்டு மணி நேர இடைவெளியில் வந்தன. அதே இடத்தில் அடுத்த தடவை, 1944, 1946 என்று இரண்டு வருஷம் விட்டு வந்தன. அதற்கு முன்பு 1707-ல் மொத்தமும் ஒரேயடியாகப் போனது. இதை ஒன்று என்று எண்ணுவீர்களா, இரண்டு என்றா? அதைப் பொறுத்துச் சராசரி மாறும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, 2017-ல், சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ரூபின் குழு அச்சே கடற்கரைக் குகை ஒன்றைப் பற்றி எழுதியது. புயலலை எட்டாத, சுனாமி மட்டுமே ஏறிவரக்கூடிய குகை. சுனாமி வந்தபோதெல்லாம் மணல், வராத காலமெல்லாம் வௌவால் எச்சம். அடுக்கடுக்காக, யாரும் கூட்டிப் பெருக்காமல் அப்படியே இருந்திருக்கிறது. இன்றைக்கு 7,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை குறைந்தது பதினொரு சுனாமிகள். அதை ஒன்பதாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். 4,500 வருஷத்தில் பதினொன்று, சராசரி இடைவெளி என்ன?

முக்கால் வகுப்பு பதினொன்றால் வகுத்து 409 என்றது. கடைசி பெஞ்சில் ஒரு பெண், அப்பா மாங்காய் மண்டிக்கு லோடு அடிக்கும் டிரைவர், எழுந்து நின்றாள். “டீச்சர், பதினொண்ணால வகுக்கணுமா, பத்தாலயா? பதினொரு கம்பம் நட்டா நடுவுல பத்து சந்துதானே?” என்றாள். பத்துதான். 450 வருகிறது. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஆனால் நான் வகுப்பை அங்கே நிறுத்தவில்லை. அந்தப் பத்துச் சந்தும் எப்படி இருந்தன என்பதுதான் விஷயம். ஒரு சந்து இரண்டாயிரத்து நூறு வருஷத்துக்கும் மேல். இன்னொரு பக்கம், நூறே வருஷத்துக்குள் நான்கு சுனாமி அடுத்தடுத்து. இதற்குச் சராசரி 450 என்றால், ஒரு காலைச் சுடுதண்ணீரிலும் மறு காலை ஐஸ்கட்டியிலும் வைத்துக்கொண்டவன் வெதுவெதுப்பாக இருக்கிறான் என்று சொல்கிற மாதிரி. அந்த நூறு வருஷத்தில் அச்சேயில் பிறந்த ஒரு கிழவி தன் வாழ்நாளில் மூன்று சுனாமி பார்த்திருக்கலாம். ஐந்நூறு வருஷத்துக்கு ஒருமுறைதான் என்று அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா?

தெரிந்த தேதிகள் ஒழுங்காக வரிசையில் நின்றாலும் ஏமாறலாம். கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857, 1881, 1901, 1922, 1934, 1966 என்று ஏறக்குறைய இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடுக்கம். அது அகழி இல்லை, பக்கவாட்டில் உரசும் பிளவு. ஆனால் பாடம் ஒன்றே. 1993-க்குள் அடுத்தது வரும் என்று சொல்லிவிட்டுக் கருவிகளைப் புதைத்துக் காத்திருந்தார்கள். வந்தது 2004 செப்டம்பரில். முப்பத்தெட்டு வருஷம் கழித்து, நம் சுனாமிக்கு மூன்று மாதம் முன்பு.

ஜப்பானின் கதை இன்னும் வலிக்கும். மியாகி கரைக்கு அப்பால் முப்பது வருஷத்துக்குள் 7.5 அளவு நடுக்கம் வர 99 சதவீத வாய்ப்பு என்று அரசாங்கக் குழுவே சொல்லியிருந்தது. துல்லியம்! 2011 மார்ச் 11-ல் வந்தது ஒன்பது. அதே செண்டாய் சமவெளியில் கி.பி. 869-ல் வந்த ஜோகன் சுனாமியின் மணல், வயல்களுக்கு அடியில் கடலிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே படிந்திருப்பதை ஆய்வாளர்கள் முன்னமே காட்டிவிட்டார்கள். 2009-ல் புகுஷிமா அணு உலை பற்றிய அரசுக் கூட்டத்திலேயே யுகினோபு ஒகாமுரா என்ற ஆய்வாளர் அதை எடுத்துச் சொன்னார். தடுப்புச் சுவர் உயரவில்லை. வரும் என்று கணக்குப் போட்ட அளவுக்குத் தயாராக இருந்தார்கள். மணலில் எழுதியிருந்த அளவுக்கு இல்லை.

நம் ஊரில் தோண்டவில்லையா என்றால், தோண்டியிருக்கிறார்கள். சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் குழுவினர் அந்தமானிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் மணலைத் தேடி, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சுனாமிக்குத் தடயம் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். மாமல்லபுரம் அருகே சாளுவன்குப்பத்தில் முதல் தடயம் தோண்டாமலே கிடைத்தது. 2004 அலை பாறையில் இருந்த பழைய கல்வெட்டுகளை வெளியே காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு தொல்லியல் துறை 2005-ல் தோண்ட, மணலுக்குள்ளிருந்து ஒரு முருகன் கோயில் எழுந்தது. அடியில் சங்ககாலச் செங்கல் கோயில், அதன்மேல் பல்லவர் காலக் கட்டுமானம். இரண்டையுமே கடல் கொண்டிருக்க வேண்டும் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து. புயலும் மணல் கொண்டுவரும் என்பதால் இதில் விவாதத்துக்கு இடமுண்டு. திவிசீமைக்காரர்களிடமும் தனுஷ்கோடிக்காரர்களிடமும் கேட்டால் புயலலை என்னவெல்லாம் செய்யும் என்று சொல்வார்கள். எனக்கு ஆதங்கம் ஒன்றுதான். பழவேற்காட்டிலிருந்து கோடியக்கரை வரை எத்தனை உப்பங்கழி, எத்தனை சதுப்பு! வரிவரியாக ஏடு அங்கேதான் கிடக்கிறது. ரிசார்ட்டுக்கும் இறால் பண்ணைக்கும் வெட்டி எறிவதற்குள் படித்துவிடலாமே.

இதெல்லாம் பழங்கதை, இப்போது ஏன் என்றால், கிரேட் நிகோபார் இருக்கிறது. கலாத்தியா வளைகுடாவில் பன்னாட்டுச் சரக்குத் துறைமுகம், விமான நிலையம், நகரம், மின் நிலையம். 72,000 கோடி ரூபாய் என்று தொடங்கிய திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. அந்தத் தீவின் தென்முனை இந்திரா முனை. 2004-ல் அங்கே தரை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்து, கரையில் நின்ற கலங்கரை விளக்கின் அடி தண்ணீருக்குள் போய்விட்டது. துறைமுகம் வரப்போவது அந்தத் தீவில்தான்.

ஐ.ஐ.டி. கான்பூரின் ஜாவேத் மாலிக் குழு தெற்கு அந்தமானின் படாபாலு கடற்கரையில் தோண்டி, 2019-ல் முடிவுகளை வெளியிட்டது. அருமையான வேலை. 2004 போன்ற மாபெரும் நடுக்கம் 420 முதல் 750 ஆண்டுக்கு ஒருமுறை, 7.5-க்கு மேற்பட்ட பெரிய நடுக்கம் 80 முதல் 120 ஆண்டுக்கு ஒருமுறை என்பது அவர்கள் மதிப்பீடு. இந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அறிக்கை அந்த எண்களைக் காட்டி, மாபெரும் நடுக்கத்துக்கான வாய்ப்பு குறைவு என்று சொல்வதாகச் செய்திகளில் படித்தேன். ஆய்வாளர் ஒரு வீச்சைக் கொடுக்கிறார். அதைக் கையில் வாங்குகிறவர் ஒரு ஆறுதலாக மாற்றிவிடுகிறார்.

அந்த வீச்சைப் பாருங்கள். 420-க்கும் 750-க்கும் நடுவில் 330 வருஷம் இருக்கிறது. துறைமுகத்தின் ஆயுளை நூறு வருஷம் என்று தாராளமாக வைத்தாலும், நம் அறியாமையின் அகலம் அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். சரி, நாள் நட்சத்திரம் பார்க்காமல் வருகிறது என்று வைத்து அச்சே குகையின் 450-ஐயே எடுத்துக்கொள்வோம். ஐம்பது வருஷத்துக்குள் வர ஏறக்குறைய பத்து சதவீதம், நூறு வருஷத்துக்குள் இருபது. ஐந்து பேர் பயணம் போனால் ஒருவர் திரும்பமாட்டார் என்ற கணக்கை நம் வீட்டில் யாரும் ‘வாய்ப்பு குறைவு’ என்று சொல்லமாட்டோம். இன்னொரு வரியை ஏன் சத்தமாகப் படிக்கவில்லை? 80 முதல் 120 என்பது துறைமுகத்தின் ஆயுளுக்குள்ளேயே வருகிறது. இந்தத் தீவுக்கூட்டத்தின் ஏட்டிலேயே 1847-க்கும் 1881-க்கும் நடுவில் முப்பத்து நான்கு வருஷம், 1881-க்கும் 1941-க்கும் அறுபது. அவை அகழியின் ஒரே துண்டில் நடந்தவை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலைக்கு எந்தத் துண்டிலிருந்து கிளம்பினாலும் ஒன்றுதான். துறைமுகம் வேண்டாம் என்றோ வேண்டும் என்றோ சொல்ல நான் வரவில்லை, அதற்கு அங்கே வாழும் ஷோம்பென் மக்களும் நிகோபாரிகளும் பேசட்டும். நான் சொல்வது, எண்ணைப் பாதியாகப் படிக்காதீர்கள்.

இந்தப் பழக்கம் எங்கள் ஊர்வரை வந்திருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பினால் தண்ணீர் கொசஸ்தலையில் இறங்கி, பள்ளிப்பட்டு வழியாகப் பூண்டி ஏரிக்குப் போகும். 2015 மழையில் ஆற்றங்கரை டீக்கடையில் கேட்டேன், நூறு வருஷத்தில் இல்லாத வெள்ளம் என்றார்கள். 2021 நவம்பரில் திருப்பதியே மிதந்தபோது, அதே கடை, அதே பெஞ்சு, நூறு வருஷத்தில் இல்லாத வெள்ளம் என்றார்கள். “அண்ணா, ஆறு வருஷம் முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க” என்றேன். “அது போன நூறு வருஷம்மா, இது இந்த நூறு வருஷம்” என்றார் கடைக்காரர். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். படித்தவர்கள் இதையே விளையாட்டில்லாமல் சொல்கிறார்கள். நூறு வருஷ வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை முறை வைத்து வருவது அல்ல. எந்த வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதே அர்த்தம். முப்பது வருஷம் ஆற்றங்கரையில் குடியிருந்தால் ஒருமுறையாவது அதைப் பார்க்க 26 சதவீத வாய்ப்பு. ஸ்கந்த புஷ்கரிணியில் தெப்போற்சவம் எந்த நாள் என்று பஞ்சாங்கம் சொல்லும். வெள்ளத்துக்கும் தட்டுக்கும் பஞ்சாங்கம் இல்லை.

சராசரி தெரியாமலேயே பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். சிமெயுலூ தீவில் 1907-ல் ஒரு சுனாமி வந்தது. அதை ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டு, தரை குலுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்று பாட்டிகள் தாலாட்டோடு சேர்த்துச் சொல்லிவைத்தார்கள். 2004-ல் நடுக்கத்தின் மையத்துக்கு அவ்வளவு பக்கத்தில், எழுபதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு தேதி. நமக்கும் 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாதில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது; நல்ல மையம். 2012 ஏப்ரல் 11 மத்தியானம் சென்னை குலுங்கியபோது சில நிமிஷத்தில் செய்தி போனது. என் தங்கை பத்திரப் பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். 8.6 அளவு, தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. மாலையில் போன் செய்து, “சும்மா ஏறினேன் அக்கா” என்று வெட்கப்பட்டாள். சும்மா ஏறுவதுதான் சரி என்றேன்.

பத்திரிகைகளிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த டிசம்பர் 26-ல் ‘இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்று போடாதீர்கள். அந்த இடத்தில் சுமத்ரா முதல் அந்தமான் வரை தெரிந்த தேதிகளைப் போடுங்கள். 780–990, 1290–1400, 1797, 1833, 1847, 1861, 1881, 1907, 1941, 2004, 2005, 2007. எது மணலில் கிடைத்தது, எது ஏட்டில் கிடைத்தது, எது எவ்வளவு பெரியது என்று பக்கத்தில் இரண்டு வார்த்தை. ஒரு பத்தி இடம்கூட ஆகாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சந்து எண்ணிக்கொள்வார்கள்.

போன வருஷம் பள்ளியில் ஒரு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அறிவியல் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில் அதே அலமாரியில் இருந்தது. நான் ஒட்டிய தாள் பழுப்பேறி, தேதி இன்னும் படிக்கிற மாதிரிதான் இருந்தது. உள்ளே குண்டூசிகளும் இரண்டு சாக்பீஸ் துண்டும். மணல் எங்கே என்று கேட்டேன். புதிதாக வந்திருந்த ஆய்வக உதவியாளர் பையன் கொஞ்சம் யோசித்து, “பாட்டில் காலி பண்ணச் சொன்னாங்க மேடம், வெளிய தொட்டியில கொட்டியிருப்பாங்க” என்றான். வெளியே வரிசையாக ஆறு குரோட்டன்ஸ் தொட்டி இருந்தது. எந்தத் தொட்டி என்று அவனுக்குத் தெரியவில்லை.